கத்தி எங்கே நிற்கிறது?

மாம்பழ சீசன் என்பதாலோ என்னவோ, இந்த முறை வந்தவை எல்லாம் பழக் கேள்விகள்.

கேள்வி (ராயக்கோட்டை): தக்காளி பெர்ரியாம், ஸ்ட்ராபெர்ரி பெர்ரி இல்லையாம். மகளின் பாடப்புத்தகத்தில் அச்சுப்பிழையா?

பதில்: பிழை இல்லை. ஒரு பூவின் ஒரே சூற்பை (பூவில் பின்னால் கனியாக மாறும் பகுதி), சுவர் முழுக்கச் சதையாகி விதைகளைப் பொதிந்து வைத்திருந்தால், தாவரவியலில் அது பெர்ரி. உங்கள் ஊர் மண்டித் தக்காளி ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். மெல்லிய தோல், சதைச்சுவர், கொழகொழப்புக்குள் விதைகள். கத்தி எங்கும் முட்டாது. கத்தரி, திராட்சை, கொய்யா எல்லாம் இதே வகை. மிளகாய் காய்ந்து கலகலத்தாலும் பெர்ரிதான்! ஸ்ட்ராபெர்ரியில் நாம் தின்னும் சிவப்புச் சதையோ சூற்பையே இல்லை. பூவைத் தாங்கிய பூத்தளம் உப்பியது. மேலே விதை மாதிரி ஒட்டியிருக்கிறதே, அது ஒவ்வொன்றும் ஒரு தனிக் கனி.

கேள்வி (காவேரிப்பட்டணம்): எங்கள் தோப்பு மாம்பழமும் ஒரே சூற்பைதானே? அது ஏன் பெர்ரி ஆகாது?

பதில்: கத்தி கொட்டையில் டக்கென்று நிற்கிறதே, அதனால்தான். நார் ஒட்டிய அந்தக் கெட்டி ஓடு விதையின் தோல் இல்லை, கனிச்சுவரின் உள்ளடுக்கு. விதை அதற்குள் இருக்கும் பருப்பு. இப்படி உள்ளடுக்கு ஓடாக இறுகியதை ட்ரூப், தமிழில் உள்ளோட்டுச் சதைக்கனி என்பார்கள். தேங்காயும் அதுதான்: மட்டை நடுவடுக்கு, கொட்டாங்குச்சி உள்ளடுக்கு.

கேள்வி (பென்னாகரம்): பட்டுப்புழுவுக்காக மல்பெரி போட்டிருக்கிறோம். வெட்டாமல் விட்ட செடியில் பழம் பிடித்திருக்கிறது. பேரிலேயே பெர்ரி இருக்கிறதே?

பதில்: பேரை நம்பாதீர்கள். அந்தக் கறுப்புப் பழத்தைக் கையில் வைத்து உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு மணியும் ஒரு பூ. பூவிதழ்கள் சாறு கட்டிப் பருத்து, கொத்து முழுவதும் ஒரே பழம்போல ஆகிவிட்டது. இது கூட்டுக்கனி. பலாவும் இதே குடும்பம். ஒரு சுளை ஒரு பூ. சுளைகளுக்கு நடுவே பிய்த்து மாட்டுக்குப் போடுகிறோமே சடை, அது கருவுறாமல் போன பூக்கள். சீத்தாப்பழம் வேறு கதை. அங்கே பூ ஒன்றுதான், அதிலுள்ள பல சூலிலைகள் (தனித்தனியான பெண் உறுப்புகள்) ஆளுக்கொரு குட்டி பெர்ரியாகி ஒட்டிக்கொள்கின்றன. அது திரள்கனி.

கேள்வி (ஓசூர்): வாழைப்பழம்? எலுமிச்சை?

பதில்: இரண்டும் பெர்ரி. வாழையின் நடுவில் தெரியும் கறுப்புப் புள்ளிகள் சூல்கள், அதாவது விதையாக வேண்டியவை ஆகாமல் நின்றுபோனவை. எலுமிச்சைக்கு மட்டும் ஹெஸ்பரிடியம் என்று தனிப் பெயர் உண்டு. சுளைக்குள் முத்துமுத்தாகச் சாறு நிற்கிறதே, அதெல்லாம் உள்ளடுக்கில் முளைத்த மயிர்கள். ஜூஸ் குடிக்கும்போது நினைக்க வேண்டாம்.