வாசகர் கேள்வி பதில்: பால் ஒத்துக்கலைன்னா காபிய விட்டுடணுமா?

போன இதழ்ல ஒருத்தருக்கு பதில் சொல்றப்ப, "பெரியவங்களானப்புறம் பால் ஒத்துக்காம போறது நம்ம பக்கத்துல ரொம்ப சகஜம்"னு ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகைன்னு டெல்டா முழுக்க இருந்து கடிதம் குவிஞ்சுடுச்சு. எல்லாத்தையும் போட இடம் இல்ல. ஒரே மாதிரி இருக்கறத சேர்த்து, பேரெல்லாம் எடுத்துட்டு இங்க குடுத்திருக்கேன்.

மேடம், ஜவுளிக்கடைல வேலை பாக்கறேன், வயசு 36. காலைல எழுந்ததும் ஒரு காபி, பதினோரு மணிக்கு ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. கொஞ்ச காலமா காபி குடிச்ச ஒரு மணி நேரத்துல வயிறு உப்பிக்குது, கடமுடன்னு சத்தம், சில நாள் பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருக்கு, கஸ்டமர் முன்னாடி நிக்கவே கூச்சமா இருக்கு. கேஸ் மாத்திரை போட்டும் நிக்கல. வேலை விஷயமா வெளியூர் போனப்ப பாலே இல்லாம இருந்தேன், வயிறு அமைதியா இருந்துச்சு. இது லாக்டோஸ் பிரச்சனையா? கும்பகோணத்துல இருந்துகிட்டு காபிய எப்படி விடறது?
(கும்பகோணம்)

தம்பி, நீங்க சொல்றத வெச்சு பாத்தா அதுவா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. பால்ல லாக்டோஸ்னு ஒரு சர்க்கரை இருக்கு, நூறு மில்லி பால்ல கிட்டத்தட்ட 5 கிராம். அத உடம்பு அப்படியே உறிஞ்ச முடியாது, சிறுகுடல்ல இருக்கற லாக்டேஸ்ங்கற என்சைம் அத குளுக்கோஸ், கேலக்டோஸ்னு ரெண்டா வெட்டணும். குழந்தையா இருக்கறப்ப அந்த என்சைம் நிறைய சுரக்கும், தாய்ப்பால் குடிக்கற வயசு தாண்டினதும் பெரும்பாலானவங்களுக்கு மெல்ல குறைஞ்சுகிட்டே வரும். வெட்டுப்படாத சர்க்கரை பெருங்குடலுக்கு போனா அங்க இருக்கற பாக்டீரியா அத புளிக்க வெச்சு கேஸ் உண்டாக்குது, தண்ணியையும் குடலுக்குள்ள இழுக்குது, உப்புசமும் சத்தமும் ஓட்டமும் அதனாலதான். கேஸ் மாத்திரைன்னு நாம வாங்கறதுல பாதி அசிடிட்டிக்கான மாத்திரை, அது வயித்துல அமிலத்த குறைக்கும், குடல்ல நடக்கற இந்த புளிப்புக்கு ஒண்ணும் பண்ணாது.

இத ஒரு வியாதின்னு நினைச்சு மனசு உடைஞ்சு போகாதீங்க. உலகத்துல பெரியவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேருக்கு லாக்டோஸ் முழுசா செரிக்கறதில்ல. தலைமுறை தலைமுறையா மாடு மேய்ச்சு பால் குடிச்சு வந்த சில கூட்டங்கள்ல ஒரு மரபணு மாற்றம் பரவி, வயசானப்புறமும் என்சைம் நிக்காம சுரக்குது. நம்ம நாட்டுல அது வடக்கு, வடமேற்குப் பக்கம் அதிகம், தெற்க வர வர குறைவு. அதனால உங்க உடம்பு கெட்டுப்போகல, அதோட இயல்பே அதுதான்.

ஆனா முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணிப் பாருங்க. காபியே சில பேருக்கு குடல கிளப்பி விடும், பால் மேல பழி போடறதுக்கு முன்னாடி அத பிரிச்சுப் பாக்கணும். ரெண்டு வாரம் பால், பால் காபி, டீ, ஐஸ்கிரீம், பால் ஸ்வீட் எதுவும் வேணாம், வேற எந்த பழக்கத்தையும் மாத்தாதீங்க. வயிறு நல்லா ஆனதும் ஒரு நாள் பால் இல்லாம வெறும் டிகாஷன் மட்டும், இன்னொரு நாள் காலைல வெறும் வயித்துல ஒரு டம்ளர் பால் மட்டும். எதுல வயிறு பேசுதுன்னு உங்களுக்கே தெரிஞ்சுடும். சந்தேகமா இருந்தா பெரிய ஆஸ்பத்திரிகள்ல குடல் டாக்டர்கிட்ட ஹைட்ரஜன் மூச்சு டெஸ்ட் இருக்கு, வாய்ல ஊதற டெஸ்ட்தான், ஊசி கிடையாது.

பால்தான்னு உறுதியானாலும் காபிய விடணும்னு இல்ல. இந்தப் பிரச்சனை இருக்கறவங்கள்ல பெரும்பாலானவங்க ஒரே நேரத்துல 12 கிராம் லாக்டோஸ் வரைக்கும் பெரிய தொந்தரவு இல்லாம தாங்கறாங்கன்னு ஆராய்ச்சில பாத்திருக்காங்க. டபரா டம்ளர் காபில நூறு மில்லி பால் இருந்தா 5 கிராம்தான். உங்களுக்கு வம்பு பண்றது அளவ விட நேரமாத்தான் இருக்கும், எழுந்த உடனே வெறும் வயித்துல போற அந்த முதல் காபி. அத இட்லி சாப்பிட்டப்புறம் குடிங்க, சாப்பாட்டோட போறப்ப பால் மெதுவா இறங்கும், குடலுக்கு அவகாசம் கிடைக்கும். திக் டிகாஷனா எடுத்து பால பாதியாக்குங்க. பதினோரு மணி காபிக்கு பதிலா சுக்கு மல்லி காபி, பால் ஊத்தாம. தினமும் கொஞ்சமா தொடர்ந்து குடிச்சா பெருங்குடல் பாக்டீரியா பழகி நாளாக நாளாக தாங்கற அளவு கூடவும் செய்யும். முழுசா நிறுத்திட்டு திடீர்னு ஒரு கல்யாணத்துல ரெண்டு கப் பால் பாயாசம் குடிச்சாதான் அவஸ்தை.

ஒண்ணே ஒண்ணு கவனமா கேளுங்க. மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை குறையறது, ராத்திரி தூக்கத்துல இருந்து எழுப்பற வயித்துப்போக்கு, விடாத காய்ச்சல், ரத்த சோகை, இதுல ஏதாவது இருந்தா பால் பால்னு வீட்லயே வெச்சு பாத்துகிட்டு இருக்காம உடனே டாக்டர பாருங்க. இதெல்லாம் லாக்டோஸால வர்றதில்ல.

அக்கா, சாதா பால் ஒத்துக்கலைன்னதும் சொந்தக்காரங்க ஏ2 நாட்டு மாட்டுப் பால் குடி, ஆட்டுப்பால் குடி, நல்லா சுண்டக் காய்ச்சி குடின்னு ஆளாளுக்கு சொல்றாங்க. விலையும் ஜாஸ்தி. வாங்கலாமா?
(மன்னார்குடி)

லாக்டோஸ்தான் உங்க பிரச்சனைன்னா காச வீணாக்காதீங்கம்மா. ஏ2ங்கறது பால்ல இருக்கற புரதத்தோட வகை, சர்க்கரை அதே அளவுதான். ஆட்டுப்பால்ல கொஞ்சம் குறைவு, ஆனா இல்லாம இல்ல. காய்ச்சினா லாக்டோஸ் அழியாது, சுண்டக் காய்ச்சினா தண்ணி போய் ஒரு டம்ளருக்குள்ள லாக்டோஸ் இன்னும் கூடிடும். பால்கோவாவும் திரட்டுப்பாலும் பால விட மோசமா படுத்தறது அதனாலதான்.

மேடம், என் பையனுக்கு 8 மாசம். வயித்துப்போக்கு வந்து சரியாகாம இருந்துச்சு, டாக்டர் இப்போதைக்கு லாக்டோஸ் செரிக்கறது குறைஞ்சிருக்குன்னு சொன்னார். அத்தை தாய்ப்பாலையும் நிறுத்திட்டு அரிசிக்கஞ்சியும் தேங்காய்ப்பாலும் குடுன்னு சொல்றாங்க. எனக்கு பயமா இருக்கு.
(மயிலாடுதுறை பக்கம் ஒரு கிராமம்)

தாய்ப்பால நிறுத்தாதீங்கம்மா. டாக்டரே நேர்ல பாத்து நிறுத்தச் சொன்னாலொழிய யார் சொன்னாலும் நிறுத்தாதீங்க. தாய்ப்பால்ல லாக்டோஸ் மாட்டுப்பால விட அதிகம்தான், நூறு மில்லிக்கு சுமார் 7 கிராம், ஆனா அத செரிக்கற மாதிரிதான் குழந்தையோட குடல் இருக்கு. பொறந்ததுல இருந்தே அந்த என்சைம் இல்லாத குழந்தைங்க ரொம்ப ரொம்ப அபூர்வம். உங்க பையனுக்கு நடந்தது வேற, வயித்துப்போக்குல குடலோட உள்தோல் அடிபட்டு என்சைம் தற்காலிகமா குறைஞ்சிருக்கு, குடல் ஆற ஆற சில வாரத்துல திரும்ப வந்துடும். அதுவரைக்கும் தாய்ப்பால், ஓஆர்எஸ்ங்கற உப்பு சர்க்கரை கரைசல், டாக்டர் எழுதின சிங்க் மருந்து சொன்ன நாள் முழுக்க, குழைய வேகவெச்ச பருப்பு சாதம், மசிச்ச வாழைப்பழம். அரிசிக்கஞ்சி தண்ணியும் தேங்காய்ப்பாலும் தாய்ப்பாலுக்கு பதில் ஆகாது, அதுல இந்த வயசுக்கு வேண்டிய புரதமும் கால்சியமும் இல்ல. ஒரு வயசு வரைக்கும் மாட்டுப்பால முக்கிய ஆகாரமா குடுக்கவும் வேணாம்.

அத்தை அக்கறையிலதான் சொல்றாங்க, கோவிச்சுக்காம இந்தப் பக்கத்த அவங்ககிட்ட படிச்சுக் காட்டுங்க. பால் குடுத்தவுடனே உடம்புல தடிப்பு, உதடு வீக்கம், மூச்சு இழுப்பு வந்தா மட்டும் அது லாக்டோஸ் இல்ல, பால் புரத அலர்ஜி, ஒரு நிமிஷம் தாமதிக்காம ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போங்க.

அக்கா, நாங்க தென்னந்தோப்பு வெச்சிருக்கோம், தேங்காய்க்கு பஞ்சமில்ல. பாலுக்கு பதிலா தேங்காய்ப்பால் காபி போட்டா திரிஞ்ச மாதிரி ஆகுது. தயிரும் விட்டுடணுமா?
(பட்டுக்கோட்டை)

தயிர்ல ஆரம்பிக்கறேன், ஏன்னா அவசரப்பட்டு தயிர விட்டவங்க கடிதம்தான் எனக்கு வருத்தமா இருந்துச்சு. தயிர் உறையறப்பவே பாக்டீரியா லாக்டோஸ்ல கொஞ்சத்த தின்னுடுது, மிச்சத்துக்கும் அந்த பாக்டீரியாவோட சொந்த என்சைம் உங்க குடல்ல வந்து கை குடுக்குது. பால் ஒத்துக்காத நிறைய பேருக்கு வீட்டுத் தயிர் ஒத்துக்கறது இதனாலதான். நல்லா புளிச்ச தயிர்ல கடைஞ்ச மோர், பழைய சோத்துல ஊத்தி ரெண்டு சின்ன வெங்காயத்தோட, இத விட சுகமா வயித்துக்கு என்ன இருக்கு. மோர்க்குழம்புல கொதிக்க விட்டா பாக்டீரியா செத்துடும், ஆனா நாம ஊத்திக்கறது கொஞ்சம்தானே, பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. நெய்ல லாக்டோஸ் இல்லன்னே சொல்லலாம், வெண்ணெய்ல ரொம்ப கம்மி, பயப்படாம சேத்துக்கோங்க.

இப்ப தேங்காய்ப்பால் காபி. திரியறதுக்கு காரணம் சூடும் டிகாஷனோட புளிப்பும். முத்தின தேங்காயா துருவி வெதுவெதுப்பான தண்ணி விட்டு அரைச்சு துணில பிழிஞ்சு, முதல் பாலையும் ரெண்டாம் பாலையும் கலந்து வெச்சுக்கோங்க. அடுப்பு சிம்ல வெச்சு கிளறிகிட்டே இருங்க, ஓரத்துல சின்ன சின்னதா நுரை கட்ட ஆரம்பிச்சதும் இறக்கிடணும், கொதிக்கவே விடக்கூடாது. கொதிச்சா எண்ணெய் பிரிஞ்சு மேல மிதக்கும். டிகாஷன ஒரு நிமிஷம் ஆறவிட்டு, பால்ல டிகாஷன கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி ஆத்துங்க. வெள்ளை சர்க்கரைய விட நாட்டுச் சர்க்கரையோ கருப்பட்டியோ இதுக்கு பொருந்தி வரும். டிகிரி காபி ருசி வராது, அத எதிர்பாக்காதீங்க, இது தனி ருசி. சோயா பால்னா இன்னும் காபிக்கு ஒத்துவரும், புரதமும் பசும்பாலுக்கு கிட்டத்துல இருக்கு. தேங்காய்ப்பால்ல கொழுப்புதான் ஜாஸ்தி, கால்சியம் சொற்பம், அதனால அத ருசிக்கு வெச்சுக்கோங்க, சத்துக்கு வேற வழி பாக்கணும். அதத்தான் அடுத்த அம்மா கேட்டிருக்காங்க.

வணக்கம்மா. எனக்கு 52 வயசு, மாதவிடாய் நின்னு போச்சு. பால் குடிச்சா வயிறு தாங்கல, குடிக்கலைன்னா எலும்பு தேஞ்சுடும்னு மக திட்டுறா. என்னதான் பண்றது?
(நாகப்பட்டினம்)

அம்மா, மக சொல்றதுல நியாயம் இருக்கு, ஆனா கால்சியம் பால்ல மட்டும்தான்னு இல்ல. ஐசிஎம்ஆர்ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2020ல சொன்ன கணக்குப்படி பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம், மாதவிடாய் நின்னவங்களுக்கு 1200. நூறு மில்லி பால்ல இருக்கறது சுமார் 120. அதே நூறு கிராம் கேழ்வரகுல 340க்கு மேல. எள்ளுல ஆயிரத்துக்கும் மேல, தோல் நீக்காத எள்ளா இருக்கணும். நம்ம வயல்ல கோடைல விளையற எள்ளுதான், ஆடிப்பெருக்குக்கு எள்ளு சாதம் கிண்டற வீட்ல மிச்ச நாளும் எள்ளுப்பொடி இருந்தா என்ன, இட்லிக்கு மிளகாய்ப்பொடில பாதி எள்ளு போடுங்க, சாயங்காலம் ஒரு எள்ளுருண்டை.

அப்புறம் அகத்திக்கீரை. வெத்தலைக் கொடிக்கால்ல கொடி படர அகத்தி நட்டிருப்பாங்கல்ல, துவாதசிக்கு மட்டும் தேடி வாங்கற அந்தக் கீரைல நூறு கிராமுக்கு 900 மில்லிகிராமுக்கு மேல கால்சியம். கீரைல இருக்கற கால்சியம் முழுசா உடம்புல சேராது, இருந்தாலும் வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் அகத்தி, மத்த நாள் முருங்கைன்னு மாத்தி வெச்சுக்கோங்க.

நீங்க நாகைல இருக்கீங்க, மீன் சாப்பிடறவங்களா இருந்தா உங்களுக்கு பாதி கவலை இல்ல. நெத்திலிய முள்ளோட சாப்பிடுங்க, கால்சியம் அந்த முள்ளுலதான் இருக்கு, வெறும் சதைல இல்ல. கருவாடு வேணாம்னு சொல்லல, பிரஷர் இருந்தா உப்புக்காக அளவா. காலைல பத்து பதினோரு மணி வெயில்ல கொஞ்ச நேரம் கை கால் பட நில்லுங்க, வைட்டமின் டி இல்லாம கால்சியம் சரியா உறிஞ்சாது. உங்க வயசுக்கு ஒரு தடவை எலும்பு அடர்த்தி டெஸ்ட் வேணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, மாத்திரை தேவைன்னு அவர் சொன்னா தயங்காம போடுங்க.

அக்கா, தஞ்சாவூர்ல ஹாஸ்டல்ல தங்கி படிக்கறேன். பால் குடிக்கறதில்ல, ஆனாலும் சில நாள் வயிறு உப்புது. எதுல பால் இருக்குன்னே தெரியல. வீட்டுக்கு போனா வேணாம்னு சொன்னா அம்மாச்சி அழறாங்க.
(தஞ்சாவூர்)

பாக்கெட்ட திருப்பிப் பாருடா தம்பி. பால் பவுடர், வே பவுடர் (பால் திரிஞ்சப்புறம் பிரியற தண்ணில எடுக்கறது), மில்க் சாலிட்ஸ்னு போட்டிருந்தா லாக்டோஸ் இருக்கு. கிரீம் பிஸ்கட், சாக்லேட், சத்துமாவு டின், ஜிம்முக்கு போற பசங்க குடிக்கற புரோட்டீன் பவுடர், எல்லாத்துலயும் பாரு. புரோட்டீன் பவுடர்ல ஐசொலேட்னு போட்டிருந்தா லாக்டோஸ் ரொம்ப கம்மி. ஸ்வீட்ல கோவா சேர்றதுதான் கஷ்டம், சந்திரகலா, குலாப்ஜாமூன், பால் ஸ்வீட் எல்லாம். மைசூர்பாக், லட்டு, பாசிப்பருப்பும் நெய்யும் போட்டு கிண்டற திருவையாறு அசோகா, இதெல்லாம் பயமில்லாம சாப்பிடலாம், சில கடைல அசோகாவுல கோவா சேப்பாங்க, கேட்டுக்கோ. இட்லிக்கு தொட்டுக்கற கும்பகோணம் கடப்பால பால் கிடையாது, தேங்காயும் பாசிப்பருப்பும்தான். மாத்திரைல இருக்கற லாக்டோஸுக்கு கவலைப்படாத, அது துளியூண்டு, டாக்டர் குடுத்த மருந்த அதுக்காக நிறுத்தக்கூடாது.

அம்மாச்சிகிட்ட "வேணாம்"னு மட்டும் சொன்னா அவங்களுக்கு மனசு ஒடிஞ்சுதான் போகும், "எனக்கு வெல்லம் போட்டு தேங்காய்ப்பால் பாயாசம் வெச்சுக் குடு அம்மாச்சி"ன்னு கேளு, அவங்க கை தானா அடுப்புக்கு போகும்.

லாக்டோஸ் ஃப்ரீன்னு பாக்கெட் பால் விக்கறாங்களே, எனக்கு சுகரும் இருக்கு, குடிக்கலாமா?
(திருவாரூர்)

குடிக்கலாம் ஐயா. அமுல்லயே இருக்கு, பெரிய கடைகள்ல கிடைக்கும். அது நிஜப் பால்தான், லாக்டேஸ் என்சைம முன்னாடியே சேத்து லாக்டோஸ வெட்டி வெச்சிருக்காங்க, கால்சியம், புரதம் எதுவும் குறையல. வெட்டுப்பட்ட சர்க்கரை நாக்குல கூட இனிக்கும், அதனால கம்பெனி சர்க்கரை போட்டுட்டான்னு நினைக்காதீங்க. ஆனா மாவுச்சத்து கணக்கு சாதா பாலுக்கு இருக்கற அதேதான், சுகர் ஃப்ரீன்னு நினைச்சு ரெண்டு டம்ளரா குடிச்சிடாதீங்க. ஓட்ஸ் பானம், பாதாம் பானம் வாங்கறதா இருந்தா சர்க்கரை சேக்காதது, கால்சியம் சேத்ததுன்னு ரெண்டையும் பாத்து வாங்குங்க, குடிக்கறதுக்கு முன்னாடி பாக்கெட்ட நல்லா குலுக்கணும், கால்சியம் அடியில தங்கிடும்.