சஃபாரிக்கு எந்த மாதம் போகலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆப்பிரிக்கப் பயணம் பற்றி வந்த கேள்விகளில் முக்கால்வாசி மாதத்தைப் பற்றியவைதான். மாதத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் எதைப் பார்க்க ஆசை, எந்த நாட்டில் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மழை எங்கே எப்போது பெய்கிறதோ அதை ஒட்டித்தான் புல்லும், புல்லை ஒட்டி விலங்கும் நகர்கின்றன. கென்யாவில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம், தெற்கே போட்ஸ்வானாவில் ஒன்றுதான். ஒரே மாதம் இரண்டு இடத்துக்கும் பொருந்தாது.

பிள்ளைகளுக்கு ஏப்ரல், மே மாதங்களில்தான் நீண்ட விடுமுறை. அப்போது கென்யாவின் மசாய் மாராவுக்குப் போகலாமா? (மதுரை)

நம்முடைய கோடை விடுமுறை, கிழக்கு ஆப்பிரிக்காவின் பெருமழைக் காலத்தோடு சரியாக மோதுகிறது. மார்ச் பாதியில் தொடங்கும் மழை மே கடைசி வரை நீளும். மாராவில் பல இடங்களில் கரிசல் மண். மழை பெய்தால் கரிசலில் வண்டி என்ன பாடுபடும் என்று கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புல்லும் உயரமாக வளர்ந்துவிடும். பத்தடி தள்ளி சிங்கம் படுத்திருந்தாலும் கண்ணில் படாமல் போகலாம். சில கேம்ப்களை அந்த மாதங்களில் மூடியே விடுகிறார்கள்.

விலங்கே இருக்காது என்று அர்த்தம் இல்லை. மாராவின் சிங்கம், யானை, சிறுத்தை எல்லாம் ஆண்டு முழுவதும் அங்கேயே இருப்பவை. பயணிகள் கூட்டம் இருக்காது, கட்டணமும் குறைவு. ஏற்கெனவே போய் வந்தவர்கள் மழைக்கால மாராவை விரும்பித் தேடிப் போவதுண்டு. ஆனால் முதல் தடவை, குடும்பத்தோடு, இவ்வளவு செலவு செய்து போகும்போது ஏப்ரலை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கோடை விடுமுறையில்தான் முடியும் என்றால் மே இரண்டாம் பாதியில் தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவுக்குப் போங்கள். அங்கே மழைக்காலம் முடிந்து, புல் காயத் தொடங்கி, குளிர் எட்டிப் பார்க்கும் நேரம் அது. பூங்காவுக்குள் முக்கியமான சாலைகள் தார் போட்டவை. வாடகைக் கார் எடுத்து நீங்களே ஓட்டலாம். நம்மைப் போல இடப்பக்கம்தான் அங்கும்.

என்னைக் கேட்டால், செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறைதான் மாராவுக்கு ஏற்றது. நம் வீடுகளில் யாரும் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. நிலம் காய்ந்திருக்கும், வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான் இனம்) கூட்டம் இன்னும் அங்கேதான் இருக்கும், ஐரோப்பியப் பள்ளி விடுமுறைக் கூட்டம் ஊர் திரும்பியிருக்கும். மும்பையிலிருந்து நைரோபிக்கு நேரடி விமானம் இருப்பதால் ஒரு வாரத்துக்குள் நிறைவாகப் போய் வரலாம்.

ஆகஸ்ட்டில் மாராவில் மூன்று நாள் தங்குகிறோம். வில்டபீஸ்ட் ஆற்றைக் கடப்பதை நிச்சயம் பார்த்துவிடலாமா? (கோவை)

நிச்சயம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சுமார் 13 லட்சம் வில்டபீஸ்ட்டும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வரிக்குதிரைகளும் தான்சானியாவின் செரெங்கெட்டிக்கும் கென்யாவின் மாராவுக்கும் இடையே ஆண்டு முழுவதும் சுற்றி வருகின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை செரெங்கெட்டியின் தெற்குச் சமவெளி. மழை முடிய முடிய மேற்காகவும் வடக்காகவும் நகர்ந்து ஜூன் வாக்கில் குருமெட்டி ஆற்றுப் பக்கம். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை மாரா ஆற்றின் இரு கரைகளிலும். நவம்பரில் சிறுமழை தொடங்கியதும் மறுபடி தெற்கே.

இதில் தேதி எதுவும் கிடையாது. கரைக்கு வந்த கூட்டம் மணிக்கணக்கில் தயங்கி நிற்கும். முன்னால் நிற்கும் ஒரு வரிக்குதிரை மிரண்டு திரும்பினால் அத்தனையும் திரும்பிவிடும். இன்னொரு நாள், எதிர்க்கரையில் மழை பெய்து புல் துளிர்த்தது என்பதற்காக, கடந்து போன கூட்டமே திரும்பவும் கடந்து வரும். மூன்று நாளில் பார்த்தவர்களும் உண்டு, பார்க்காமல் வந்தவர்களும் உண்டு. இன்னும் ஒன்றிரண்டு நாள் சேர்த்து, ஆற்றுக்குப் பக்கத்திலேயே தங்க முடிந்தால் வாய்ப்பு கூடும். மாரா பூங்காவில் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர் கட்டணம். நாளைக் கூட்டும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

ஒரு வேண்டுகோள். "இன்னும் கொஞ்சம் கிட்டே போங்கள்" என்று டிரைவரை நெருக்காதீர்கள். வண்டிகள் கரையை அடைத்துக்கொண்டு நின்றால், ஏறுவதற்கு வழியில்லாமல் விலங்குகள் செங்குத்தான இடத்தில் முட்டி மோதிச் சாகின்றன. சில சமயம் முதலைகள் இருக்கும் தண்ணீருக்கே திரும்புகின்றன. நல்ல டிரைவர் தள்ளி நிறுத்திக் காத்திருப்பார். அவருக்கு ஒத்துழையுங்கள்.

ஆற்றைக் கடப்பது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பொங்கலுக்குப் பிறகு கூட்டம் குறைந்த காலம் எது? (திருச்சி)

பிப்ரவரி. எனக்கு ஆகஸ்ட்டை விட இதுதான் பிடிக்கும். செரெங்கெட்டியின் தெற்கே நுடுட்டு சுற்றுவட்டாரத்தில் வில்டபீஸ்ட் குட்டி போடும் காலம். கோரோங்கோரோ மலைப் பகுதி எரிமலைகள் கக்கிய சாம்பல் படிந்த மண் அது. அதில் முளைக்கும் குட்டைப் புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் அதிகம். பால் கொடுக்கும் தாய்க்குத் தேவையானவை. பெரும்பாலான குட்டிகள் சில வாரங்களுக்குள் மொத்தமாகப் பிறந்துவிடுகின்றன. கழுதைப்புலியும் சிங்கமும் எவ்வளவுதான் தின்றாலும் அத்தனையையும் தின்ன முடியாது என்பதால், அந்த நெருக்கமே குட்டிகளுக்குப் பாதுகாப்பு. பிறந்த சில நிமிடங்களில் எழுந்து நின்று, தாயோடு ஓடத் தொடங்கிவிடும். புல் குட்டையாக இருப்பதால் சிவிங்கிப்புலி வேட்டையாடுவதை வெட்டவெளியில் பார்க்கலாம். இடையிடையே மழை பெய்யும், அதற்குத் தயாராகப் போங்கள். ஐரோப்பாவிலிருந்து வலசை வரும் பறவைகளும் அப்போது அங்கே இருக்கும்.

போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ ஆற்று டெல்டாவில் மழையே இல்லாத ஜூலையில் வெள்ளம் என்கிறார்களே, எப்படி? (சிங்கப்பூர்)

அந்தத் தண்ணீர் அங்கே பெய்தது இல்லை. வடக்கே அங்கோலாவின் மேட்டுநிலத்தில் மழைக்காலத்தில் பெய்தது. வழியில் நிலம் ஏறக்குறைய சமதளம் என்பதால் தண்ணீர் மெல்ல மெல்ல நகர்ந்து, மாதக்கணக்கில் பயணம் செய்து, ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான நாட்களில் டெல்டாவில் பரவலாகத் தேங்குகிறது. கடலை அடையாமல் கலஹாரி மணலிலேயே வற்றிப்போகும் ஆறு அது. சுற்றிலும் வறண்ட காலத்தில் இங்கே மட்டும் தண்ணீர் என்றால் விலங்குகள் வேறு எங்கே போகும்? 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இது ஆயிரமாவது இடமாகச் சேர்ந்தது.

உங்களுக்கு ஜூன் மாதம் பள்ளி விடுமுறை என்பதால் இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. மொகோரோ என்ற ஒடுக்கமான தோணியில் நாணலுக்குள் போவதற்காகவே பலர் வருகிறார்கள். ஆனால் அங்கோலாவில் எவ்வளவு மழை என்பதைப் பொறுத்து வெள்ளம் முன்பின்னாக வரும். சில கேம்ப்கள் உலர்ந்த நிலத்தில் இருப்பவை. அங்கே ஜீப் மட்டும்தான். பணம் கட்டுவதற்கு முன் "அந்த வாரத்தில் உங்கள் கேம்ப்பில் தோணி போகுமா?" என்று நேராகக் கேளுங்கள்.

விக்டோரியா அருவியையும் யானைக் கூட்டங்களையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியுமா? (சென்னை)

முடியும், ஆனால் இரண்டும் உச்சத்தில் இருக்கும் காலம் வேறு வேறு. ஏப்ரல் வாக்கில் அருவியில் தண்ணீர் மிக அதிகம். சாரல் கிளம்பி அருவியையே மறைத்துவிடும். அருவி சாம்பியா, ஜிம்பாப்வே எல்லையில் இருக்கிறது. அக்டோபரில் சாம்பியா பக்கம் பெரும்பகுதி வெறும் பாறைதான். ஆனால் அந்த அக்டோபரில்தான் பக்கத்து நாடான போட்ஸ்வானாவின் சோபே ஆற்றங்கரையில் யானைகள் கூட்டம் கூட்டமாக வந்து நிற்கும். ஜூலையும் ஆகஸ்ட்டும் இரண்டுக்கும் நடுவே அமைந்த மாதங்கள். அருவியை ஒட்டிய ஊரிலிருந்து சோபேக்குச் சாலை வழியாகவே போகலாம். எல்லை தாண்ட வேண்டும் என்பதால் விசாவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு வயதுக் குழந்தையோடு போகலாமா? மலேரியா பயமாக இருக்கிறது. (சேலம்)

பயம் நியாயமானதே. தென்னாப்பிரிக்காவில் மலேரியா இல்லாத பகுதிகளிலேயே மடிக்வே, பிலானெஸ்பர்க், அட்டோ யானைப் பூங்கா ஆகியவை இருக்கின்றன. அங்கே போங்கள். திறந்த ஜீப்பில் சின்னக் குழந்தைகளை ஏற்றாத கேம்ப்கள் நிறைய உண்டு, வயது வரம்பை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூலையில் போகிறோம். பருத்தி உடை போதும்தானே? (நாகர்கோவில்)

போதாது. ஆப்பிரிக்காவின் தெற்கே அப்போது குளிர்காலம். விடியற்காலையில் திறந்த ஜீப்பில் காது மூடும் குல்லாயும் கனமான ஜாக்கெட்டும் இல்லாமல் உட்கார முடியாது. தான்சானியாவில் கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பு 2,200 மீட்டருக்கு மேல், அங்கேயும் குளிரும். கறுப்பு, கருநீல உடைகள் வேண்டாம். கடிக்கும் செட்ஸி ஈக்களை அவை ஈர்க்கும். சிறு விமானத்தில் உள்நாட்டுப் பயணம் என்றால் பெரும்பாலும் 15 கிலோதான், அதுவும் மெத்தென்ற பையாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பையைக் கென்யாவும் தான்சானியாவும் தடை செய்திருக்கின்றன.

மலை கொரில்லா பார்க்க எந்த மாதம்? (புதுச்சேரி)

ஜூன் முதல் செப்டம்பர் வரை, இல்லாவிட்டால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. மழைக்காட்டில் எப்போதும் மழை வரலாம், ஆனால் இந்த மாதங்களில் சரிவுகளில் நடப்பது எளிது. ருவாண்டாவில் பர்மிட் 1,500 டாலர், உகாண்டாவில் 800. 15 வயது நிறைந்திருக்க வேண்டும், கொரில்லாவோடு ஒரு மணி நேரம்தான். பர்மிட் கிடைத்த பிறகு விமான டிக்கெட் எடுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? (வேலூர்)

கென்யா, உகாண்டா போகிறவர்களுக்குக் கட்டாயம். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லும். அப்புறம் ஆயுள் முழுவதற்கும் அதுவே போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். குறிப்பிட்ட சில மையங்களில் மட்டுமே கிடைக்கும் ஊசி என்பதால், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பாவது அங்கே நாள் வாங்கிவிடுங்கள்.