ஒப்பந்தம் முடியப்போகும் நட்சத்திரம்: விற்பதா, வைத்துக்கொள்வதா?

ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருக்கும் பெரிய வீரரை கிளப் விற்றுவிட வேண்டுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். "இது ரசிகர்களின் மனசு சம்பந்தப்பட்டது, கணக்கு பேசாதீர்கள்" என்று எழுதியவர் மன்னிக்க வேண்டும். கணக்கைத் தொடாமல் இந்தப் பேச்சே கிடையாது.

கேள்வி: நான் இப்போதுதான் கால்பந்து பார்க்கத் தொடங்கியவன் சார். கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கிய வீரர் ஒப்பந்தம் முடிந்ததும் சும்மா போய்விடலாம் என்றால், கிளப்புகள் இதற்கு எப்படிச் சம்மதித்தன?

சம்மதிக்கவில்லை, நீதிமன்றம் சம்மதிக்க வைத்தது. 1990இல் பெல்ஜியத்தின் லீஜ் கிளப்பில் ஜான்-மார்க் போஸ்மன் என்பவரின் ஒப்பந்தம் முடிந்தது. பிரான்ஸின் டன்கெர்க் கிளப்புக்குப் போக நினைத்தார். ஒப்பந்தமே இல்லாத வீரருக்கும் பழைய கிளப் விலை கேட்கலாம் என்பது அன்றைய நடைமுறை. அதனால் அவரால் போக முடியவில்லை, வழக்குப் போட்டார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதோடு ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தத்தில் கடைசி 6 மாதங்கள் இருக்கும்போதே வீரர் வேறு கிளப்புடன் கையெழுத்திடலாம். இங்கிலாந்தில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம்: ஜனவரியில் வெளிநாட்டு கிளப்புகளோடுதான் அப்படிப் பேச முடியும்.

ஆகவே டிரான்ஸ்ஃபர் தொகை என்பது மீதமுள்ள ஒப்பந்த ஆண்டுகளுக்கான விலை. ஆண்டு குறையக் குறைய விலையும் இறங்கும்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் அண்ணே. ஓராண்டு மிச்சம், புதிய ஒப்பந்தத்துக்கு வீரர் மறுக்கிறார். விற்பீர்களா மாட்டீர்களா?

பத்தில் ஏழு முறை விற்பேன். மீதி மூன்று முறை எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு கணக்கு. அவருக்கு 4 கோடி யூரோ தருவதாக ஒரு கிளப் வருகிறது. அவருடைய ஆண்டுச் சம்பளம் 1 கோடி. விற்காமல் வைத்திருந்தால், கைவிட்ட 4 கோடியும் சம்பளம் 1 கோடியும் சேர்த்து அந்த ஒரு சீசனுக்காக நீங்கள் செலவழிப்பது 5 கோடி. இப்போது, அவர் உங்கள் அணியிலேயே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சீசனுக்கு 5 கோடி கொடுத்து அவரை லோனில், அதாவது இரவலாக, எடுப்பீர்களா? எடுப்பேன் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். "ஐயோ, அவ்வளவா?" என்று தோன்றினால் விற்றுவிடுங்கள். கையில் இருக்கும் வீரர் என்பதாலேயே அந்த 5 கோடி யார் கண்ணிலும் படுவதில்லை.

செல்சி 2019இல் எடன் ஹசார்டை விற்றதைப் பாருங்கள். ஓராண்டுதான் மிச்சம். யூரோப்பா லீக் இறுதிப்போட்டியில் ஆர்சனலுக்கு எதிராக 2 கோல் போட்டுவிட்டு வந்தவர். அப்போது செல்சிக்கு ஃபிஃபா தடை வேறு, புது ஆள் எடுக்க முடியாது. அப்படியும் சுமார் 10 கோடி யூரோவுக்கு ரியல் மாட்ரிட்டுக்குக் கொடுத்தார்கள். அடுத்த சீசனில் மேசன் மவுன்ட், டாமி ஆபிரகாம் போன்ற இளைஞர்களை வைத்து 4ஆம் இடம் பிடித்தார்கள். ஹசார்ட் மாட்ரிட்டில் காயங்களோடு போராடி, நான்கு சீசன்களில் மொத்தம் 7 கோல் போட்டார். காயம் வரும் என்று செல்சிக்கு ஜோசியம் தெரியாது. ஆனால் 28 வயது வீரரின் ஒரு சீசனுக்கு 10 கோடி என்றால், காயமே வராவிட்டாலும் அது சரியான விற்பனைதான்.

கேள்வி: நான் டார்ட்மண்ட் ரசிகன். லெவன்டாவ்ஸ்கியை 2013இல் விற்காமல் வைத்திருந்தோம், 2014இல் பயர்னுக்கு இலவசமாகப் போனார். இன்றும் வயிறு எரிகிறது. தப்புதானே?

தப்பில்லை. நான் விற்காத அந்த மூன்று முறையில் ஒன்று அதுதான்.

2013 கோடையில் உங்கள் நிலை என்ன? வெம்ப்ளியில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் பயர்னிடம் 2-1 என்று தோற்றிருந்தீர்கள். உங்கள் இன்னொரு நட்சத்திரம் கோட்ஸேயும் அதே பயர்னுக்குப் போய்விட்டார். அதே கோடையில் லெவன்டாவ்ஸ்கியையும் அங்கேயே விற்றிருந்தால் அணியைக் கலைத்ததாகத்தான் அர்த்தம். வைத்திருந்தீர்கள், அவர் 20 கோலோடு லீகின் அதிகக் கோல் அடித்தவர் ஆனார். அணி லீகில் 2ஆம் இடம், ஜெர்மன் கோப்பை இறுதி, சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. போகப் போகிறவர் என்ற எண்ணமே இல்லாமல் ஆடினார். அவருடைய அந்தக் குணம்தான் முடிவைச் சரியாக்கியது.

உண்மையான கோளாறு 2014இல். அவர் போகப்போவது முன்கூட்டியே தெரிந்தும், பதிலுக்கு எடுத்த இம்மோபிலேவும் ராமோஸும் அந்த இடத்தை நிரப்பவில்லை. அடுத்த சீசன் நடுவில் அட்டவணையின் அடியில் கிடந்து, கடைசியில் 7ஆம் இடம். பயிற்சியாளர் க்ளாப்பும் விடைபெற்றார். 2013இலேயே விற்றிருந்தாலும் மாற்று ஆள் சரியில்லை என்றால் இதேதான், ஓராண்டு முன்னால் நடந்திருக்கும்.

கேள்வி: அப்படியானால் நல்லவர்களை எல்லாம் கடைசி வரை ஆடவைத்துவிட்டு அனுப்பலாமே?

ஜெர்மனியின் ஷால்கே கிளப்பைக் கேட்டுப் பாருங்கள். 2016இல் ஜோயல் மாட்டிப், 2017இல் கொலாசினாக், 2018இல் கோரெட்ஸ்காவும் மாக்ஸ் மேயரும், 2020இல் கோல்கீப்பர் நூபல். ஐந்து பேரும் காலணா வாங்காமல் போனவர்கள். கோரெட்ஸ்கா போன சீசனில் ஷால்கே 2ஆம் இடம் பிடித்தது, அதனால் அன்று யாருக்கும் வலிக்கவில்லை. 2021இல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினார்கள். அதற்கு வேறு பல காரணங்களும் உண்டு, இதை மட்டும் சொல்ல மாட்டேன். ஆனால் இளைஞர்களை வளர்த்து விற்றுத்தான் பிழைக்க வேண்டிய கிளப், விற்கிற பொருளையே தானம் செய்துகொண்டிருந்தது.

ஒருவரை இப்படி விட்டால் அது ஒரு முடிவு. வருஷத்துக்கு ஒருவரை விட்டால் அலுவலகத்தில் யாரோ தூங்குகிறார்கள்.

கேள்வி: லிவர்பூல் ரசிகன். அகாடமியில் வளர்ந்த அலெக்சாண்டர்-ஆர்னால்டே இலவசமாகப் போனார். இதற்கு மன்னிப்பு உண்டா?

வருத்தம் புரிகிறது. ஆனால் 2024-25இல் மூன்று பேரின் ஒப்பந்தம் ஒரே நேரத்தில் முடிய இருந்தது. சலாவும் வான் டைக்கும் ஏப்ரலில் கையெழுத்திட்டார்கள், இவர் கிளம்பினார். நடுவில் நீங்கள் லீகை வென்றீர்கள். முந்தைய கோடையில் அவரை விற்றிருந்தால் வென்றிருப்பீர்களா என்று எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் லீக் பட்டத்துக்காக ஒரு சீசன் கட்டணம் கட்டினீர்கள் என்று வைத்தால் அது மோசமான பேரம் இல்லை. ஜூனில் கிளப் உலகக் கோப்பைக்கு முன்பே அவர் வேண்டும் என்று ரியல் மாட்ரிட் சுமார் 1 கோடி யூரோ கொடுத்தது. சில வாரங்களுக்கு அது கொழுத்த தொகை.

என் குறை வேறு. அகாடமி வீரருக்குக் கணக்குப் புத்தகத்தில் மதிப்பு பூஜ்யம். விற்றால் வரும் தொகை முழுக்க லாபம். அப்படிப்பட்டவரின் ஒப்பந்தத்தைத்தான் இரண்டாண்டு மிச்சம் இருக்கும்போதே முதலில் கவனித்திருக்க வேண்டும்.

கேள்வி: அந்தக் கணக்குப் புத்தக விஷயத்தைக் கொஞ்சம் விளக்க முடியுமா?

8 கோடிக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால், ஆண்டுக்கு 1.6 கோடி செலவாக எழுதுவார்கள். கடைசி ஆண்டு தொடங்கும்போது புத்தகத்தில் அவர் மதிப்பு 1.6 கோடி. அன்று 5 கோடிக்கு விற்றால் 3.4 கோடி லாபம் என்று பதிவாகும். செலவுக் கட்டுப்பாட்டு விதிகளில் மாட்டாமல் இருக்க கிளப்புகள் ஜூன் முடிவதற்குள் பரபரப்பாக விற்பது இதனால்தான்.

கேள்வி: கோடையில் விற்கவில்லை. ஜனவரி வந்துவிட்டது. கிடைத்த விலைக்குத் தள்ளிவிடலாமா?

பெரும்பாலும் வேண்டாம். அதற்குள் விலை அடிமட்டம், சீசனோ பாதிதான் முடிந்திருக்கும். அணியில் விரிசல் வந்திருந்தால் மட்டும் வேறு பேச்சு.

அலெக்சிஸ் சான்செஸ் கதை அதுதான். 2017 ஆகஸ்ட் கடைசி நாளில் மான்செஸ்டர் சிட்டி 6 கோடி பவுண்ட் தரத் தயார். ஆர்சனலும் சம்மதம், ஆனால் மாற்றாக மொனாக்கோவிலிருந்து தோமா லெமார் வர வேண்டும். அது நடக்கவில்லை, இதுவும் நடக்கவில்லை. ஜனவரியில் மிகிதாரியனுக்குப் பதிலாக மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார், பணம் கைமாறவில்லை. ஆர்சனல் 6ஆம் இடம். கடைசி நாள் வரை முடிவெடுக்காமல் இருந்ததற்கான விலை அது. அந்த ஆகஸ்டில் விற்பதுதான் சரி, வைத்திருப்பதுதான் சரி என்று இரண்டு பக்கமும் வாதாடலாம். மாற்று ஆளைத் தேடுவதைக் கடைசி நாளுக்குத் தள்ளியதற்கு மட்டும் வாதமே இல்லை.

கேள்வி: போட்டி அணிக்கே விற்கலாமா? ஆர்சனல் வான் பெர்சியை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றதை இன்னும் மறக்கவில்லை.

2012, ஓராண்டு மிச்சம், சுமார் 2.4 கோடி பவுண்ட். அவர் 26 கோல் போட்டு யுனைடெட்டுக்கு லீகை வாங்கிக் கொடுத்தார். 29 வயதில், அடிக்கடி காயம்பட்டவருக்கு அந்த விலை நியாயம்தான். ஆனால் எதிராளி அந்த ஒரு சீசனுக்காகவே வாங்குகிறான் என்று தெரிந்தால், லோன் கணக்கில் அவனுடைய ஆதாயத்தையும் உங்கள் நஷ்டமாகச் சேர்க்க வேண்டும். வெளிநாட்டு கிளப் கொஞ்சம் குறைவாகக் கொடுத்தாலும் நான் அங்கேதான் அனுப்புவேன். டாட்டன்ஹாம் 2023இல் ஹாரி கேனை பயர்னுக்குக் கொடுத்ததும் இப்படித்தான்: 30 வயது, ஓராண்டு மிச்சம், சுமார் 10 கோடி யூரோ. அவர் இல்லாமல் 8ஆம் இடத்திலிருந்து 5ஆம் இடத்துக்கு ஏறினார்கள். முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள் விற்றதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஜூனில் முடித்திருக்க வேண்டிய வேலை.

கேள்வி: பாரிஸின் பிஎஸ்ஜி கிளப் எம்பாப்பேவை விற்காமல் வைத்திருந்ததே?

2021இல் ரியல் மாட்ரிட் 16 கோடி யூரோவுக்கு மேல் நீட்டியது, மறுத்தார்கள். 2022இல் புதுப்பித்தார், 2024இல் இலவசமாகவே மாட்ரிட் போனார். பணம் ஒரு பிரச்சினையே இல்லாத கிளப்பைப் பார்த்து மற்றவர்கள் படிக்க ஒன்றுமில்லை.

கேள்வி: கையெழுத்திட மறுப்பவரை பெஞ்சில் உட்காரவைத்தால் வழிக்கு வரமாட்டாரா?

வரமாட்டார். அத்லெடிக் பில்பாவோவில் 2012-13இல் ஃபெர்னாண்டோ யோரெண்டேவுக்கு நடந்தது அதுதான். விற்கவும் இல்லை, ஒழுங்காக ஆடவிடவும் இல்லை. ஜனவரியில் யுவென்டஸோடு பேசி முடித்துவிட்டு கோடையில் போனார். பணமும் வரவில்லை, கோலும் வரவில்லை. பெஞ்சில் வைக்கத்தான் போகிறீர்கள் என்றால் விற்றுவிடுங்கள்.

கேள்வி: நீங்கள் ஒரு நடுத்தர கிளப்பின் விளையாட்டு இயக்குநர் என்று வையுங்கள். என்ன செய்வீர்கள்?

24 மாதம் மிச்சம் இருக்கும்போது வீரரின் ஏஜென்டைக் கூப்பிட்டு ஒரே ஒரு உருப்படியான சம்பளத்தைச் சொல்வேன். பேரம் பேச கிறிஸ்துமஸ் வரை நேரம். பதில் வரவில்லை என்றால் ஜனவரியில் மாற்று ஆள் தேட ஆட்களை அனுப்பிவிடுவேன், கோடையில் 12 மாதம் மிச்சம் இருக்கும்போது விற்பேன். அப்போது சாம்பியன்ஸ் லீக் இடமோ பட்டமோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்து, வீரரும் ஒழுங்காக ஆடுகிறவராக இருந்தால் மட்டும் அந்த லோன் கணக்கை எடுத்துவைத்து உட்காருவேன்.