சடைமுடியில் வரும் ஈர வாடை

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. பெங்களூரில் வேலை. தலையில் ட்ரெட்லாக்ஸ் (முடியைக் கயிறு கயிறாகத் திரித்துவிடுகிற சடைமுடி) போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். பக்கத்தில் போனால் காயாத துணி வாடை அடிக்கிறது. தீபாவளிக்காவது எண்ணெய் தேய்த்து சீயக்காய் போட்டுக் குளி என்றால், "சடை கெட்டுடும்மா" என்கிறான். வெட்டுவதைத் தவிர வேறு வழியே இல்லையா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: இருக்கிறதம்மா, வெட்ட வேண்டாம். எண்ணெய் விஷயத்தில் உங்கள் மகன் சொல்வதுதான் சரி. சடைக்குள் இறங்கிய எண்ணெய் லேசில் வெளியே வராது; தூசியையும் சேர்த்துப் பிடித்துவைத்துக்கொள்ளும். சீயக்காய்த் தூளும் சீப்பு போகாத இடத்தில் அப்படியே தங்கிவிடும். பண்டிகைக்கு எண்ணெய் வைத்தே ஆக வேண்டுமென்றால், விரல் நுனியில் தொட்டு, சடைகளுக்கு நடுவே தெரியும் தோலில் மட்டும் தடவிவிடுங்கள்.

இந்தப் புகாரோடு என் பார்லருக்கு வருகிற பிள்ளைகள் பலர் ஒழுங்காகத் தலைக்குக் குளிக்கிறவர்கள்தான். காயவைப்பதில் கோட்டை விடுகிறார்கள். வேலை முடிந்து வந்து இரவில் குளித்துவிட்டு, ஈரத்தோடு கொண்டை போட்டுப் படுத்துவிடுவார்கள். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், நடுவில் ஈரம் இருக்கும். அதுவே தொடர்ந்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம்.

அதனால் காலையில் குளிக்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை போதும். ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து, தலைத்தோலை மட்டும் தேய்க்கட்டும். வழிகிற நுரையே சடையைக் கழுவிவிடும். கண்டிஷனர் வேண்டாம். பிழிகிற தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். அப்புறம் ஒவ்வொரு சடையாக, அடியிலிருந்து நுனிவரை அழுத்திப் பிழிய வேண்டும். டர்க்கி டவலின் பஞ்சு சடைக்குள் சிக்கினால் எடுப்பது பெரும்பாடு. நம் ஈரிழைத் துண்டுதான் இதற்கு அருமை. துவட்டிவிட்டு, ஃபேனுக்கு அடியில் விரித்துப் போட்டுக் காயவைக்கட்டும். பிடரிப் பக்கம்தான் கடைசியில் காயும். அங்கே இருப்பதில் தடிமனான சடையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினால் தெரிந்துவிடும்: சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை, கட்டக் கூடாது.

சாம்பிராணி போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அது வாடையை மறைக்கும், பூஞ்சையைப் போக்காது. இவ்வளவு செய்தும் வாடையோ அரிப்போ இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்குத் தானாகச் சடை விழுந்திருக்கிறது. அம்மன் கொடுத்தது என்று யாரையும் தொட விடுவதில்லை. கழுத்து வலியால் அவதிப்படுகிறார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: நாள்கணக்கில் சீவாமல் விட்டால் முடி தானாகவே பின்னிக்கொள்ளும். எல்லோருக்கும் தினமும் 50 முதல் 100 முடிவரை உதிர்வது சகஜம். சடையில் அது கீழே விழாமல் உள்ளேயே சேர்வதால் கனம் ஏறிக்கொண்டே போகும். நனைந்தால் இன்னும் கனக்கும். அவரிடம் அம்மனைப் பற்றி வாதாட வேண்டாம், வலியைப் பற்றி மட்டும் பேசுங்கள். சமயபுரத்தில் முடி காணிக்கை கொடுக்கும் வழக்கம் இருக்கிறதே, பாதி நீளத்தை அம்மனுக்கே கொடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். நான் பார்த்தவரை, வெட்டச் சம்மதிக்காதவர்கள்கூட காணிக்கைக்குச் சம்மதிக்கிறார்கள். அதற்கு முன் சடைக்கு அடியில் புண், பேன் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். புண் இருந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள்.