கேஸ் மாத்திரைக்குள் இரண்டு மருந்து

குமட்டல், எதுக்களிப்பு, அஜீரணம் ஆகியவற்றுக்கு டாக்டர் எழுதித் தரும் மாத்திரைகளை எப்படிச் சாப்பிடுவது என்று குமரி மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

என் அம்மாவுக்கு 67 வயது. நெஞ்செரிச்சலுக்கு டாக்டர் இரண்டு வாரத்துக்கு ஒரு கேப்சூல் எழுதினார். குணம் தெரிந்ததால் காலி அட்டையைக் கடையில் காட்டி வாங்கி, ஏழெட்டு மாதமாகச் சாப்பிடுகிறார்கள். இப்போது ஓக்காளம் வருகிறது என்று போனால், வேறொரு டாக்டர் டாம்பெரிடோன் 10 மி.கி. மூன்று வேளை எழுதியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா?
வாசகர், தக்கலை

டாக்டரிடம் கேட்காமல் சேர்க்க வேண்டாம். முதலில் கேப்சூல் அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானம்தான் நமக்கு வேண்டியது. 'பான்டோபிரசோல் 40 மி.கி., டாம்பெரிடோன் 30 மி.கி. எஸ்.ஆர்.' (எஸ்.ஆர். என்றால் மெல்ல மெல்ல வெளியாகும் வகை) என்று இருந்தால், ஒரு நாளைக்குரிய டாம்பெரிடோன் முழுவதும் அந்த ஒரே கேப்சூலில் போய்விட்டது. பான்டோபிரசோல் போன்றே அமிலத்தைக் குறைக்கும் ரபிபிரசோல் 20 மி.கி. உள்ள கேப்சூல்களிலும் பெரும்பாலும் இதே 30 மி.கி. சேர்ந்திருக்கும். அதோடு மூன்று வேளை மாத்திரையும் போட்டால் நாளுக்கு 60 மி.கி. ஆகிறது. கடை வாசலில் 'கேஸ் மாத்திரை' என்று ஒரே பெயரில் வாங்குவதால்தான் இந்த இரட்டிப்பு யாருக்கும் தெரியாமல் நடக்கிறது.

இரண்டும் வெவ்வேறு வேலை செய்பவை. பான்டோபிரசோல் அமிலம் சுரப்பதைக் குறைக்கும். டாம்பெரிடோன் இரைப்பையிலிருந்து உணவைக் கீழே தள்ளும், வாந்தி உணர்வை அடக்கும். அது ரத்தத்தில் அளவுக்கு மீறினால், ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் மின்னூட்டம் பெற எடுக்கும் நேரம் நீளும். சிலருக்கு அதனால் ஆபத்தான தாளக்கோளாறு வரும். ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல் வைத்த வரம்பு: பெரியவர்களுக்கு ஒரு தடவை 10 மி.கி., நாளுக்கு மூன்று முறைக்கு மேல் கூடாது, பொதுவாக ஒரு வாரத்துக்கு மேலும் கூடாது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். உங்கள் அம்மா அந்த வயதில் இருக்கிறார், அதுவும் மாதக்கணக்கில் சாப்பிடுகிறார்.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் படர்தாமரை சாதாரணம், அதற்கு வாரக்கணக்கில் இட்ராகோனசோல் எழுதுவதும் உண்டு. இட்ராகோனசோல், கீட்டோகோனசோல், புளூகோனசோல், எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் இவற்றில் எதைச் சாப்பிட்டாலும் டாம்பெரிடோன் சேரக் கூடாது. ஈரலில் அது உடைந்து வெளியேறுவதை இவை தடுத்துவிடும். நீர் போவதற்கான மாத்திரை, தொடர் வாந்தி இரண்டும் பொட்டாசியத்தைக் குறைத்து இதே சிக்கலைக் கூட்டும். படபடப்போ மயக்கமோ வந்தால் டாம்பெரிடோனை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மார்பு வீக்கம், பால் சுரப்பு, மாதவிடாய் தவறுதல் ஆகியவையும் இந்த மருந்தால் வரலாம்.

பான்டோபிரசோலைத் தானாக நிறுத்த வேண்டாம். இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் என்றால் வயிற்றுப் புண் வராமலிருக்கவே அது தரப்பட்டிருக்கலாம். மாதக்கணக்கில் சாப்பிட்டதைச் சட்டென்று விட்டால் அமிலம் சில வாரம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும், 'மாத்திரை இல்லாமல் முடியாது' என்று தோன்றும். டாக்டர் படிப்படியாகக் குறைத்துத் தருவார். நீண்ட காலம் சாப்பிட்டவர்களுக்கு வைட்டமின் பி12, மக்னீசியம் குறையலாம் என்பதால் அதற்கான பரிசோதனையையும் கேளுங்கள். போகும்போது வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். எந்த டாக்டரானாலும் பெயரை வாயால் சொல்வதைவிட அட்டையைக் காட்டுவதுதான் பத்திரம்.

ரப்பர் பால் வெட்டப் போகிறவன். விடியுமுன் ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டுப் போனால், பால் எடுத்து முடித்து ஒன்பது மணிக்குத்தான் சாப்பாடு. 'சாப்பாட்டுக்கு முன்' என்று எழுதிய பான்டோபிரசோலை எப்போது போட வேண்டும்? மூன்று நாளாகப் போட்டும் எரிச்சல் போகவில்லை.
வாசகர், குலசேகரம்

எட்டு, எட்டரைக்குப் போடுங்கள். 'வெறும் வயிறு' என்பதைவிடச் 'சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்' என்பதே சரியான கணக்கு. இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் பம்புகள் இருக்கின்றன. அவை ஓடும்போதுதான் இந்த மருந்து அவற்றைப் பிடித்து நிறுத்தும், அவற்றை ஓட வைப்பது சாப்பாடு. மருந்தோ இரண்டு மூன்று மணி நேரத்தில் ரத்தத்தில் வெகுவாகக் குறைந்துவிடும். நாலு மணிக்குப் போட்டு ஒன்பதுக்குச் சாப்பிட்டால் பம்புகள் விழிக்கும்போது மருந்து இருக்காது. ஒரு நாள் டோஸிலேயே எல்லாப் பம்புகளும் அடங்குவதில்லை, முழுப் பலன் தெரியச் சில நாள் ஆகும். நேரத்தை மாற்றி ஒரு வாரம் பாருங்கள்.

மாத்திரையைக் கடிக்கவோ பொடிக்கவோ கூடாது. மேலே பூசியிருக்கும் உறை, அமிலம் மருந்தை அழிக்காமல் காப்பதற்கு. மறந்துவிட்டால் அடுத்த சாப்பாட்டுக்கு முன் போடலாம், மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். வேலையின் நடுவில் எரிந்தால், அமிலத்தை முறிக்கும் ஆன்டாசிட் திரவம் 10 மி.லி. குடிக்கலாம், மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். மூட்டு வலிக்கு டைக்ளோபினாக் சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிட்டால் எரிச்சலுக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். கறுப்பாகத் தார் போல மலம் போனாலோ, விழுங்கச் சிரமமானாலோ, எடை குறைந்தாலோ மாத்திரையை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

தைராய்டு மாத்திரையும் வெறும் வயிற்றில், கேஸ் மாத்திரையும் வெறும் வயிற்றில். எது முதலில்?
வாசகி, குழித்துறை

எழுந்ததும் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரோடு. அரை மணி கழித்து கேஸ் மாத்திரை. மேலும் அரை மணி கழித்து காப்பியும் பலகாரமும். அமிலம் குறைந்தால் தைராய்டு மருந்து உடலில் சேர்வதும் குறையலாம், ஆகவே கேஸ் மாத்திரை தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொள்ளுங்கள். ஆன்டாசிட் திரவத்துக்கும் தைராய்டு மாத்திரைக்கும் இடையே நாலு மணி நேரம் வேண்டும்.

வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு மாத்திரை போட்ட மறுநாள் என் 19 வயது மகளுக்குக் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பி, கண் மேலே சொருகி, தாடை இறுகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் சரியானது. வலிப்பு நோயா?
வாசகி, குளச்சல்

நீங்கள் சொல்வது இந்த மருந்தால் தசைகள் இழுத்துக்கொள்ளும் நிலையோடு அப்படியே பொருந்துகிறது. மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையை அது தடுப்பதால் வருவது, பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள், இளம் வயதினருக்கே அதிகம். வலிப்பில் பொதுவாக நினைவு தப்பும், இதில் நினைவு தெளிவாக இருக்கும். பிள்ளை பயந்து போயிருப்பாள், அவள் குற்றமும் இல்லை, பேய் பிசாசும் இல்லை என்று சொல்லுங்கள். மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதி அவள் கைப்பையில் வையுங்கள், இனி எந்த டாக்டரிடமும் முதலில் அதைச் சொல்ல வேண்டும். மற்றவர்களும் இந்த மருந்தை நாளுக்கு 30 மி.கி., ஐந்து நாள் என்ற எல்லைக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

மகன் முதல் தடவையாக ஆழ்கடல் தங்கல் தொழிலுக்குப் போகிறான். கடல் ஓக்காளத்துக்கு டாம்பெரிடோன் கொடுத்துவிடலாமா?
வாசகர், தூத்தூர்

பயன் மிகக் குறைவு. கடல் குமட்டல் உள்காதின் சமநிலை உறுப்பிலிருந்து கிளம்புவது, இரைப்பையை விரட்டி அதை அடக்க முடியாது. மெக்லிசின் போன்ற மருந்துதான் உதவும், 25 மி.கி. புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கினால் உள்ளே தங்காது. தூக்கம் வரும் என்பதால் முதல் மாத்திரையைக் கரையில் ஒரு நாள் போட்டுப் பார்க்கட்டும். அதைப் போட்டுக்கொண்டு வின்ச் பக்கமோ வலை இறக்கும் இடத்திலோ நிற்கக் கூடாது, மதுவும் கூடாது. பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும்.

வயது 54, சர்க்கரை உண்டு. மேல்வயிறு எரிந்து வியர்க்கும்போது கேஸ் மாத்திரை போட்டுப் படுத்தால் போதுமா?
வாசகர், நாகர்கோவில்

படுக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே, மேல்வயிற்று எரிச்சலாகவும் குமட்டலாகவும் வரலாம். வியர்வை, மூச்சு வாங்குதல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி ஏதாவது கூட இருந்தால் 108-ஐ அழைத்து ஈ.சி.ஜி. எடுக்கும் இடத்துக்குப் போங்கள், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியானாலும் சரி, பக்கத்தில் உள்ளதானாலும் சரி. ஸ்கூட்டரைத் தானே ஓட்டிப் போகக் கூடாது. இதுவரை இப்படி வந்து அடங்கியிருந்தாலும் இந்த வாரமே இதய டாக்டரைப் பாருங்கள்.

இரண்டு வயதுப் பிள்ளைக்கு வாந்தி. அண்ணனுக்கு வாங்கிய டாம்பெரிடோன் சிரப் மிச்சம் இருக்கிறது, கொடுக்கலாமா?
வாசகி, கருங்கல்

வேண்டாம். 12 வயதுக்குக் கீழே அது வாந்திக்குப் பெரிதாக உதவுவதில்லை. தேவை என்றால் டாக்டர் எடை பார்த்து ஆன்டன்செட்ரான் எழுதுவார், அதைச் சமையல் கரண்டியில் இல்லாமல் மருந்தோடு வரும் மூடியில் அளந்து கொடுங்கள். அதுவரை ஓ.ஆர்.எஸ். பொடி. ஒரு லிட்டருக்கா 200 மி.லி.க்கா என்று பாக்கெட்டில் பார்த்துக் கரைத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை 5 மி.லி. கொடுங்கள். இளநீரில் உப்புச் சத்து குறைவு, அது இதற்கு ஈடாகாது. பச்சையாகவோ ரத்தமாகவோ வாந்தி, ஆறு மணி நேரம் சிறுநீர் இல்லாமை, பிள்ளை துவண்டு போதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவானாலும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.