வேண்டாம் என்னும் குரல்

வணக்கம் சார்,

ஒரு நியூரானுக்கு, அதாவது நரம்புச் செல்லுக்கு, ஆயிரக்கணக்கான இணைப்புகளிலிருந்து சிறு மின்னலைகள் வருகின்றன, பெரும்பாலானவை ஒன்றும் செய்யாமலே அணைகின்றன என்று படித்தேன். ஏன் இவ்வளவு வீண்? போதாததற்கு நியூரானைத் தடுக்கும் எதிர்மறை அலைகள் வேறு. மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்பது இதனால்தானா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

10 சதவீதக் கதை பொய். அதை விடுங்கள்.

ஓய்விலிருக்கும் நியூரானின் உட்புறம் சுமார் -70 மில்லிவோல்ட். அது -55 அளவுக்கு ஏறினால்தான் ஆக்ஸான் என்னும் அதன் நீண்ட இழையில் துடிப்பு கிளம்பும். நீங்கள் சொன்ன இணைப்புகளில் ஒன்று, அதாவது ஒரு சினாப்ஸ், தரும் அலையோ பெரும்பாலும் 1 மில்லிவோல்ட்கூடத் தேறாது, சில பத்து மில்லிவினாடிகளில் வடிந்தும் விடும். வடிவதற்குள் அடுத்தது வந்தால் அதன்மேல் ஏறிக்கொள்ளும். நியூரானின் வேறு கிளையில் பிறந்ததும் வந்து சேரும். வடிவதும் வேண்டும்: வடியாமல் தேங்கினால், சற்றுமுன் வந்ததும் இப்போது வந்ததும் நியூரானுக்கு ஒன்றாகிவிடும். வீண் என்று எப்படி எழுத மனம் வந்தது உங்களுக்கு?

‘எதிர்மறை’ என்ற சொல்தான் என்னை உண்மையில் சீண்டியது. சில வாரங்களாக நரம்பியல் அறிஞர் ஜான் எக்கிள்ஸ் நினைவாகவே இருக்கிறேன். நரம்புக்கு நரம்பு மின்சாரமே நேராகத் தாவுகிறது, நடுவே வேதிப்பொருள் இல்லை என்று பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவர். 1951இல் நியூசிலாந்தின் டனீடனில், பூனையின் தண்டுவட நியூரானுக்குள் நுண்மின்முனையைச் செலுத்தித் தடுப்பலையை அளந்தார். அவர் கொள்கைப்படி மேலே போகவேண்டிய மின்னழுத்தம் கீழே இறங்கியது. தன் கொள்கையை அவரே கைவிட்டார். 1963இல் நோபல் வந்தது. எனக்குப் பெரிது அந்தக் கைவிடல்தான். நீங்கள் எதிர்மறை என்று ஒதுக்கும் அதே அலைதான் அவரை மாற்றியது.

படிக்கிற காலத்தில் நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன். எட்டிக்கொட்டையின் நஞ்சான ஸ்ட்ரிக்னின் உடலை வில்லாக வளைக்கிறதே, நரம்பை அவ்வளவு தூண்டுகிறதா என்று ஆசிரியரிடம் கேட்டேன். “எதையும் தூண்டவில்லையப்பா. வேண்டாம் என்று சொல்கிற குரலை அடைக்கிறது, அவ்வளவுதான்” என்றார். தடுப்புச் செய்தியைக் கொண்டுவரும் வேதிப்பொருளான கிளைசின் வந்து பொருந்தும் இடத்தை ஸ்ட்ரிக்னின் மறித்துக்கொள்கிறது. தண்டுவடத்தில் தடுப்பலை நின்றுபோகிறது. பிறகு ஒரு சிறு ஓசை போதும், எதிரெதிர்த் தசைகள் எல்லாம் ஒருசேர இறுகிவிடும்.

இன்னொன்றும் கேளுங்கள். சில தடுப்புகள் மின்னழுத்தத்தை இறக்குவதுகூட இல்லை. நியூரானின் சவ்வில் குளோரைடு அயனி நுழையும் வாசல் திறக்கும், அளவுமானியின் முள் அசையாது. ஆனால் கிளைநுனியிலிருந்து வரும் அலை அந்த வாசல் வழியே கசிந்துவிடும். அளக்கிறவன் கண்ணுக்கு அங்கே எதுவுமே நடக்கவில்லை. அதை என்னவென்று அழைப்பீர்கள்? யோசித்து எழுதுங்கள்.