கல்லடைப்பு வலியும் மூன்று லிட்டர் தண்ணீரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். வயது 43. ஏழு வருடத்தில் நாலாவது முறையாகக் கிட்னியில் கல். போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு இடது விலாவில் ஆரம்பித்த வலி அடிவயிறு, தொடை இடுக்கு வரை இறங்கியது. இரண்டு பிள்ளை பெற்றவள் நான். இது அதைவிட மோசம். தண்ணீர் குடித்தால் கல்லைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும் என்று மூன்று லிட்டர் குடித்தேன், அத்தனையும் வாந்தி. விடிந்து டைக்ளோஃபினாக் என்ற வலி ஊசி போட்ட பிறகுதான் அடங்கியது. ஸ்கேனில் இடது சிறுநீர்க்குழாயின் கீழ்ப்பக்கம் 5 மி.மீ. கல் என்றார்கள். இப்போது வலி இல்லை. பாலையும் தக்காளியையும் நிறுத்திவிட்டு பாதாம் பால் குடிக்கிறேன். தினமும் வாழைத்தண்டுச் சாறு. பள்ளியில் கழிப்பறை சரியில்லை என்பதால் காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிப்பதில்லை. கல்லைவிட, அடுத்த வலி எப்போது வருமோ என்கிற பயம்தான் என்னைப் பிடுங்கித் தின்கிறது. பாடம் நடத்தும்போதே இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். இதோடு எப்படி நாளை ஓட்டுவது?

வாசகி (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தில் தண்ணீர் இரண்டு இடத்தில் வருகிறது, இரண்டு இடத்திலும் தலைகீழாக வருகிறது. வலியில் துடிக்கும் ராத்திரியில் மூன்று லிட்டர். வலியே இல்லாத பள்ளி நாளில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. இதை மாற்றிப் போடுவதுதான் முதல் வேலை. ஏன் என்று சொல்கிறேன், காரணம் புரிந்தால் அந்த நேரத்தில் கை தானாகச் சொம்பை நோக்கிப் போகாது.

கல் குத்திக் கிழிப்பதால்தான் வலிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பங்கு வலி அழுத்தத்தால் வருவது. கல் குழாயில் மாட்டியதும் அதற்கு மேலே சிறுநீர் தேங்குகிறது, சிறுநீரகம் உள்ளிருந்து உப்புகிறது, அதன் மேலுறை இழுபடுகிறது. அடைபட்ட சிறுநீரகம் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. அது ரத்தக்குழாயை விரித்துவிடுவதால் இன்னும் அதிகமாகச் சிறுநீர் உண்டாகி, அழுத்தம் மேலும் ஏறுகிறது. கூடவே குழாயின் தசையும் இறுகி இறுகிப் பிடிக்கிறது. அலை அலையாக வலிப்பது இதனால்தான். இந்த நேரத்தில் மூன்று லிட்டர் குடித்தால் கல் தள்ளப்படுவதில்லை, அடைப்புக்குப் பின்னால் அழுத்தம்தான் கூடுகிறது. டிரிப்ஸ் ஏற்றினால் கல் சீக்கிரம் இறங்கும் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. வாந்தி எடுத்து வறண்டு போனவருக்குத்தான் டிரிப்ஸ் தேவை. வலி உச்சத்தில் இருக்கும்போது தாகத்துக்கு ஒரு மடக்கு, இரண்டு மடக்கு போதும். பீர் குடித்தால் கல் இறங்கும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம்.

டைக்ளோஃபினாக் ஊசி போட்டதும் உங்களுக்கு அடங்கியதற்கும் காரணம் இதுதான். அந்த மருந்து புரோஸ்டாகிளாண்டினையே தடுக்கிறது, அதாவது வலியின் வேரில் கை வைக்கிறது. அதனால்தான் கல்லடைப்புக்கு முதல் மருந்தாக இதைச் சொல்கிறார்கள். வயிற்றுப் பிடிப்புக்குக் கொடுக்கும் ட்ரோடாவெரின், ஹயோசின் போன்றவற்றைக் கூடச் சேர்ப்பது நம் ஊர் வழக்கம். அவற்றை மட்டும் நம்பினால் போதாது.

இந்த வலி சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு ஏறிவிடும். "விடியட்டும், பார்க்கலாம்" என்று நீங்கள் பொறுத்துக்கொண்ட நேரத்தில் வாந்தி ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த மாத்திரையும் வயிற்றில் நிற்காது. ஆகவே உங்கள் டாக்டரிடம் இப்போதே, வலி இல்லாத இந்த நாட்களில், ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள்: வலி ஆரம்பித்த உடனே போட எந்த மாத்திரை, எத்தனை மி.கி., எத்தனை மணி நேரத்துக்கு ஒன்று. வாந்திக்கு நாக்கில் கரையும் ஆன்டான்செட்ரான். மாத்திரை நிற்காவிட்டால் ஆசனவாயில் வைக்கும் டைக்ளோஃபினாக் 100 மி.கி. குளிகை. டைக்ளோஃபினாக் எந்த வடிவில் போட்டாலும் 24 மணி நேரத்தில் மொத்தம் 150 மி.கி.யைத் தாண்டக் கூடாது. வீட்டில் மாத்திரை போட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போனால், ஊசி போடுவதற்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும். டைக்ளோஃபினாக்கோடு ஐபுப்ரோஃபென் சேர்க்கக் கூடாது, இரண்டும் ஒரே இனம். அல்சர், இதய நோய், சிறுநீரகப் பலவீனம், வலி மாத்திரையால் கிளம்பும் ஆஸ்துமா, ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து, கர்ப்பம் இவற்றில் எது இருந்தாலும் இந்த மருந்தே வேண்டாம். அவர்களுக்குப் பாராசிட்டமால், தேவைப்பட்டால் டிராமடால் என்று டாக்டர் வேறு வழி வைத்திருப்பார்.

மாத்திரை வேலை செய்ய அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே வையுங்கள். சூடு வைத்தால் வலி குறைவதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நடப்பதோ, குந்துவதோ, சுவரில் சாய்வதோ, உடம்பு கேட்கிறபடி இருங்கள். இந்த வலியில் சும்மா படுத்திருக்க யாராலும் முடியாது.

வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாத நேரங்களும் உண்டு. வலியோடு குளிர் நடுக்கமும் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் வந்தால், அடைப்புக்குப் பின்னால் சீழ் பிடித்திருக்கலாம். அதற்கு ஆன்டிபயாடிக் மட்டும் போதாது. சிறுநீர்க்குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்தோ முதுகு வழியாகக் குழாய் விட்டோ தேங்கியதை வெளியேற்ற வேண்டும், அதுவும் சில மணி நேரத்துக்குள். விடியும்வரை காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. சிறுநீர் அறவே வராவிட்டாலும், மருந்துக்கு வலி அடங்காவிட்டாலும் உடனே கிளம்புங்கள். மாதவிலக்கு தள்ளிப் போயிருக்கும்போது அடிவயிற்று வலி வந்தால் "பழைய கல்தான்" என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம், கருக்குழாயில் கரு தங்கியிருந்தாலும் அப்படி வலிக்கும்.

இப்போதுள்ள கல்லுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்திய வரி "இப்போது வலி இல்லை" என்பதுதான். வலி நின்றது என்றால் கல் வெளியே போய்விட்டது என்று பொருளில்லை. கல் அசையாமல் அடைத்துக்கொண்டே இருக்கும்போது வலி அடங்கிவிடலாம், உள்ளே சிறுநீரகம் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும். ஆறு வாரத்துக்கு மேல் அப்படி விட்டால் சேதம் நிரந்தரமாகலாம். 5 மி.மீ. வரையுள்ள கற்களில் மூன்றில் இரண்டு பங்கு தானாகவே வெளியேறிவிடும், அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை காத்திருக்கலாம். கல் விழுந்ததைக் கண்ணால் பார்க்காவிட்டால் இரண்டு வாரத்தில் மறுபடி ஸ்கேன் எடுங்கள். அல்ட்ராசவுண்ட் போதும், சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது போங்கள். குழாய் பைக்குள் நுழையும் இடத்தில் கல் இருந்தால் அப்போதுதான் தெரியும், சிறுநீரகத்தின் வீக்கமும் தெரியும். கல் அந்த இடத்துக்கு வரும்போது நிமிடத்துக்கு ஒருமுறை போக வேண்டும்போல இருக்கும், போனால் சொட்டுதான் வரும். அதை நீர்க்கடுப்பு என்று நினைத்து மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள்.

டாம்சுலோசின் 0.4 மி.கி. என்ற மாத்திரை சிறுநீர்க்குழாயின் தசையைத் தளர்த்தும். 5 மி.மீ.க்கு மேல், கீழ்ப்பகுதியில் நிற்கும் கற்களுக்குத்தான் அதனால் பலன். உங்கள் கல் எல்லைக்கோட்டில் நிற்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். கொடுத்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொண்டு, காலையில் எழும்போது சட்டென்று எழாமல் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள், தலை சுற்றும். ஒருவேளை ஸ்டென்ட் வைத்தால் அதை எடுக்கிற தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். மறந்துபோய் மாதக்கணக்கில் உள்ளேயே விட்ட ஸ்டென்டின் மேல் கல் படிந்து, அதை எடுப்பதே பெரிய அறுவைச் சிகிச்சையாகிவிடும்.

இந்தக் கல்லை நழுவ விட்டுவிடாதீர்கள். மூன்று கல் போனது, ஒன்றைக்கூட யாரும் சோதித்ததாக நீங்கள் எழுதவில்லை. இன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரு மக்கில் பிடித்து, அதற்கென்றே ஒதுக்கிய டீ வடிகட்டியில் ஊற்றுங்கள். உளுந்து அளவில், சொரசொரப்பாக, பழுப்பாகவோ கருப்பாகவோ சிக்கும். தண்ணீரில் அலசி, காகிதத்தில் உலர்த்தி, சின்ன டப்பாவில் போட்டு லேபுக்குக் கொடுங்கள். செல்லோடேப்பில் ஒட்ட வேண்டாம், ஸ்பிரிட்டில் போட வேண்டாம். அகச்சிவப்பு முறையில் சோதித்து என்ன கல் என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் கால்சியமும் ஆக்சலேட் என்ற உப்பும் சேர்ந்த கால்சியம் ஆக்சலேட் கல்லாக இருக்கும். யூரிக் அமிலக் கல்லாக இருந்தால் நல்ல செய்தி, மருந்தால் கரைக்க முடிகிற கல் அது. தொற்றால் உண்டாகும் கல் என்றால் வைத்தியமே வேறு.

ஏழு வருடத்தில் நான்கு என்றால் 24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனையும் அவசியம். கல் போய் ஆறு வாரம் கழித்து, வழக்கமான சாப்பாட்டிலேயே செய்யுங்கள். ஞாயிறு காலை எழுந்ததும் வருகிற முதல் சிறுநீரை மட்டும் கொட்டிவிட்டு, அதற்குப் பின் வருவதையெல்லாம் கேனில் சேர்த்து, திங்கள் காலை எழுந்ததும் வருகிற முதல் சிறுநீரையும் சேர்த்து முடிக்க வேண்டும். நடுவில் ஒருமுறை தவறினாலும் கணக்கு தப்பு. கால்சியம், ஆக்சலேட், கல் சேராமல் தடுக்கும் சிட்ரேட், யூரிக் அமிலம், சோடியம், மொத்த அளவு எல்லாம் தெரியும். ரத்தத்தில் கால்சியம் அதிகமாக இருந்தால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோனையும் பார்க்க வேண்டும். அந்தச் சுரப்பியின் கோளாறால் கல் வந்துகொண்டிருந்தால், அதைச் சரிசெய்யாமல் என்ன செய்தும் பயனில்லை.

பாலை நிறுத்தியது தவறு. இத்தாலியின் பார்மா நகரில், சிறுநீரில் கால்சியம் அதிகம் போகிற 120 ஆண்களை ஐந்து வருடம் கவனித்தார்கள். 60 பேருக்குக் கால்சியத்தைக் குறைத்தார்கள். 60 பேருக்குக் கால்சியத்தை வழக்கம்போலக் கொடுத்து, உப்பையும் இறைச்சியையும் குறைத்தார்கள். முதல் கூட்டத்தில் 23 பேருக்குக் கல் திரும்பியது, இரண்டாவதில் 12 பேருக்கு. 2002 இல் வெளியான முடிவு இது. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். கால்சியம் குறைந்தால் அந்த ஆக்சலேட் சிறுநீரகத்துக்கு வரும். நீங்கள் பாலை நிறுத்தி, ஆக்சலேட் மிகுந்த பாதாமை ஏற்றிக்கொண்டீர்கள், இரண்டு பக்கமும் நஷ்டம். பாதாம் பாலை விடுங்கள். சாப்பாட்டோடு தயிரோ மோரோ எடுங்கள், ஒரு டம்ளர் பாலும் குடியுங்கள். கால்சியம் மாத்திரை டாக்டர் சொன்னால் மட்டும், அதையும் சாப்பாட்டோடு.

தக்காளியில் ஆக்சலேட் கொஞ்சம்தான், தாராளமாக ரசம் வையுங்கள். குறைக்க வேண்டியவை பாலக்கீரை, தண்டுக்கீரை, பீட்ரூட், முந்திரி. கீரையை வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்தால் ஓரளவு போகும். வைட்டமின் சி மாத்திரை போடுகிறவராக இருந்தால் நிறுத்திவிடுங்கள், உடம்பு அதை ஆக்சலேட்டாக மாற்றும்.

உப்புதான் நம் வீடுகளில் கவனிக்காத குற்றவாளி. சோடியம் அதிகமானால் சிறுநீரில் கால்சியமும் அதிகமாகும். ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் என்றால், நான்கு பேர் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். அப்பளம், ஊறுகாய், கருவாடு, ஹோட்டல் சாம்பார் இந்தக் கணக்குக்கு வெளியே. உங்கள் வீட்டில் பாக்கெட் எத்தனை நாளில் தீர்கிறது என்று பாருங்கள், கணக்கு டீச்சருக்கு நான் மேலும் சொல்ல வேண்டியதில்லை. மருந்துக் கடையில் நீர்க்கடுப்புக்குத் தருகிற சிரப்பின் லேபிளையும் படியுங்கள். டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட் என்றிருந்தால் அதிலும் சோடியம்தான். கால்சியம் கல்லுக்குக் கொடுப்பது பொட்டாசியம் சிட்ரேட். டாக்டர் எழுதித் தந்தால் மட்டும், சாப்பாட்டுக்குப் பின், நிறையத் தண்ணீரில் கலந்து.

வாழைத்தண்டுச் சாறு, ஏற்கெனவே உண்டாகிவிட்ட கால்சியம் கல்லைக் கரைக்காது. பிடித்திருந்தால் குடியுங்கள், அதோடு போகிற தண்ணீர் நல்லது. உப்பு போடாத எலுமிச்சைச் சாறு சிட்ரேட்டுக்கு உதவும்.

கடைசியாக, பள்ளியும் தண்ணீரும். இலக்கு எவ்வளவு குடிக்கிறோம் என்பதல்ல, நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும். அதே பார்மாக்காரர்கள் 1996 இல் வெளியிட்ட ஆய்வில், முதல் கல் வந்தவர்களில் தண்ணீரைக் கூட்டியவர்களில் ஐந்து வருடத்தில் 12 சதவீதம் பேருக்கும், கூட்டாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் கல் திரும்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவு போட்ட மக்கில் பிடித்து அளந்து பாருங்கள். வேலூர் வெயிலில் வியர்வைக்கே நிறையப் போய்விடும், சித்திரை வைகாசியில் மூன்றரை, நான்கு லிட்டர் குடித்தால்தான் இரண்டரை வரும். எழுந்ததும் இரண்டு டம்ளர், கிளம்பும்முன் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு லிட்டர் பாட்டில், பள்ளி விடுவதற்குள் இன்னொன்று, மிச்சம் வீட்டில். படுக்கும்முன் ஒரு டம்ளர், நடுராத்திரி எழுந்தால் அரை டம்ளர். இரவில்தான் சிறுநீர் மிகவும் கெட்டியாகும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவருக்கு இந்த அளவு பொருந்தாது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் உங்கள் ரத்தக் கிரியாட்டினின் அளவு சரிதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவு குடித்தால் பள்ளியில் மூன்று முறையாவது கழிப்பறைக்குப் போயாக வேண்டும். அதற்கு வழி செய்யாமல் வெறும் பாட்டிலைக் கொண்டுபோய்ப் பயனில்லை. தலைமையாசிரியரிடம் டாக்டர் சீட்டோடு எழுத்தில் கொடுங்கள். உங்களைப் போலவே தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகள் அந்த வகுப்பிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்து எழுதுங்கள்.

பயத்தைப் பற்றி: குனிந்தால், நிமிர்ந்தால் கூடுகிற, அழுத்தினால் ஓரிடத்தில் நோகிற வலி பெரும்பாலும் தசை வலி. கல் வலி எப்படித் திரும்பினாலும் மாறாது. சிறுநீரகத்துக்குள் அடைக்காமல் கிடக்கும் கல் பொதுவாக வலிப்பதில்லை. இரண்டு சிறுநீரகத்திலும் மிச்சம் எத்தனை கல், என்ன அளவு என்று அடுத்த ஸ்கேனில் எழுதி வாங்குங்கள். எதுவுமில்லை என்று தெரிந்தால் பாதி பயம் போகும், பெரிதாக இருந்தால் வலி வருமுன்னே எடுத்துவிடலாமா என்று பேசலாம். மருந்துச் சீட்டு, மாத்திரை, பழைய ஸ்கேன் மூன்றையும் ஒரு பையில் போட்டுக் கைப்பையிலேயே வைத்திருங்கள், பக்கத்து வகுப்பு டீச்சர் ஒருவருக்கும் விஷயம் தெரியட்டும். அதற்குப் பிறகும் தூக்கம் கெட்டால் அதையும் டாக்டரிடம் தயங்காமல் சொல்லுங்கள், திரும்பத் திரும்ப இந்த வலியைப் பட்டவர்களுக்கு அது வருவதுதான்.

ஸ்கேன் எடுத்ததும் முடிவை எழுதுங்கள். கல் வடிகட்டியில் சிக்கினால் அதன் ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்